தகட்டில் இல்லாத சொற்கள்

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. ஹாலில் கொடி கட்டி ஃபேன் போட்டாச்சு. வீடு முழுக்க ஈர வாடை.

தி.நகர் ஆபீசில் நாள் பூரா கிரயப் பத்திரம். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொன்னார் வக்கீல் சார். இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தமிழ் மூலத்தை அவர்கள் தொடவே இல்லை. கீழ்க்கோர்ட்டுக்கு முன்னே நான் செய்து கொடுத்ததை அப்படியே எடுத்து டைப் அடித்திருக்கிறார்கள்.

"எப்படிச் சொல்றீங்க மாலதி?"

"மூலத்துல வெறும் 'வாய்க்கால்'தான் சார். எந்த வாய்க்கால்னு புரியணுமேன்னு நான் 'தெற்கு'ன்னு அடைப்புக்குறியில சேர்த்தேன். அவங்ககிட்டயும் 'தெற்கு' இருக்கு. அடைப்புக்குறிதான் இல்ல."

சார் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மாட்டினாங்க என்றார்.

சந்தோஷப்பட்டிருக்கணும். பஸ்ஸில் தேனாம்பேட்டை சிக்னல் வரைக்கும் சந்தோஷம்தான். அப்புறம் வேறொன்று ஞாபகம் வந்தது.

போன வாரம் ஞாயிறு வகுப்புக்குத் தயார் செய்தேன் அல்லவா. நம் மார்மன் புத்தகத்தில் ஏசாயாவின் வசனங்கள் வரும் அதிகாரங்கள். பக்கத்தில் பழைய இங்கிலீஷ் பைபிள். அதில் சில சொற்கள் சாய்வெழுத்தில் இருக்கும். எபிரெய மூலத்தில் இல்லாதவை. வாக்கியம் ஓடுவதற்காக மொழிபெயர்த்தவர்கள் தாங்களே சேர்த்தவை. யோக்கியர்கள், சேர்த்ததைச் சாய்த்துக் காட்டிவிட்டார்கள்.

அந்தச் சொற்கள் நம் புத்தகத்திலும் இருக்கின்றன. சாய்வு இல்லாமல்.

போன வாரம் பார்த்தபோது பக்கத்தைத் திருப்பிவிட்டேன். இன்று முடியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். பால்காரர் வரவில்லை.

எழுதிப் பார்த்தால் தலை தெளியுமா என்று பார்க்கிறேன். நாங்கள் நம்புவது: கிறிஸ்துவுக்கு அறுநூறு வருஷம் முன்னால் எருசலேமைவிட்டு ஒரு குடும்பம் கிளம்பிக் கடல் தாண்டி அமெரிக்கா போனது. அவர்கள் வம்சத்தார் எழுதியதெல்லாம் பொன் தகடுகளில். மண்ணுக்குள் புதைத்துவைத்ததை ஒரு தூதன் வந்து காட்டினான். எங்கள் சபையைத் தொடங்கிய தீர்க்கதரிசி அதை எடுத்து, தேவ வல்லமையால் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். நடந்து சுமார் இருநூறு வருஷம்.

சரி. இங்கிலாந்தில் நானூறு வருஷம் முன்னால் மொழிபெயர்த்தவர்கள் கையிலிருந்து போட்ட சொல், அந்தத் தகட்டுக்குள் எப்படிப் போனது?

சில இடங்களில் மாற்றியிருக்கிறது, அதையும் சொல்லணும். ஆனால் பெரும்பாலும் அப்படியே.

நிவேதா பெங்களூரிலிருந்து போன். ஒரே குதியாட்டம். ஜனவரியில் அவளுக்கு இங்கே ரெஜிஸ்டர் கல்யாணம், அடுத்த வாரமே வெளிநாட்டு ஆலயத்தில் முத்திரிப்பு. முத்திரித்தால் புருஷன் பெண்டாட்டி சாவுக்குப் பிறகும் பிரியமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. "அம்மா, உன் பரிந்துரைச் சீட்டு முடிஞ்சுபோச்சுல்ல? சீக்கிரம் புதுசு வாங்கிடு. அது இல்லன்னா உள்ள விடமாட்டாங்க, பெத்தவங்களா இருந்தாலும்."

வாங்கிடறேன் என்றேன்.

சீட்டு வாங்க எங்கள் சபையின் கிளைத் தலைவர் (இனி கி.த.) தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். பேங்க் உத்தியோகஸ்தர், சாது. கேள்விகளில் ஒன்று, இதெல்லாம் தேவனிடமிருந்து வந்தது என்று உனக்குச் சாட்சி உண்டா என்பது. இத்தனை வருஷம் யோசிக்காமல் ஆமாம் சொல்லியிருக்கிறேன். 9ஆம் தேதி ஞாயிறு, எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து நேரம் கொடுத்திருக்கிறார்.

வாங்க: உளுந்து, பினாயில், அவர் பிரஷர் மாத்திரை.

அக்டோபர் 30, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தேடினேன். யாராவது பின்னால் வந்தால் மூடிவிட்டு, திரும்ப. திருட்டு வேலை மாதிரி. முடித்துத் தேடியதையெல்லாம் அழித்தேன். யாருக்குப் பயந்து? அங்கே எனக்குப் பின்னால் இருந்தது ஏ.சி. மட்டும்தான்.

சபையின் இணையப் பக்கத்திலேயே இருக்கிறது, தீர்க்கதரிசி ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, முகத்தைத் தொப்பியில் புதைத்து, கல்லில் தெரிந்த வாசகங்களைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார் என்று. தகடு பல சமயம் துணி மூடித் தள்ளி இருந்ததாம். இத்தனை வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தில் அவர் தகட்டின் மேல் விரல் வைத்துப் படிக்கிறார்.

சமாதானமும் படித்தேன். தேவன் அவருக்குப் பழகிய பைபிள் மொழியிலேயே கொடுத்தார் என்கிறார்கள். இருக்கலாம். நானே செய்வதுதான். ஒரு பத்திரத்துக்குள் ஏற்கெனவே மொழிபெயர்த்த பத்திரம் வந்தால் புதிதாக எதற்குக் கஷ்டப்படணும், பழையதை ஒட்டுவேன். ஆனால் ஒட்டினேன் என்று கீழே குறிப்புப் போடுவேன்.

தேவன் குறிப்புப் போடவேண்டியதில்லை. இதையும் யோசித்தேன்.

குதிரைகள் வேறு. வெள்ளைக்காரன் கொண்டுபோய் இறக்கும் வரை அந்தக் காலத்து அமெரிக்காவில் குதிரை கிடையாது என்கிறார்கள். நம் புத்தகத்தில் இருக்கிறது. இதைத் தொடவேண்டாம், ஒன்று போதும்.

சாயங்காலம் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டேன். அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

நவம்பர் 1, சனி

வெயில். துணி எல்லாம் மாடியில்.

பட்டினப்பாக்கத்தில் மீன். சங்கரா நன்றாக இருந்தது. வழக்கமாக வாங்கும் அஞ்சலை வெட்டிக்கொண்டே, "இன்னாக்கா, மூஞ்சி வாடிப்போய்க் கீது? உடம்பு சரியில்லையா?"

தூக்கம் இல்லை என்றேன்.

"ஒரு டீ அடி, சரியாப்பூடும். அட, உங்க சர்ச்சுல டீ குடிக்கக்கூடாதுல்ல? அது இன்னா சர்ச்சோ போ. எங்க சாமியாரே டீ குடிச்சிக்கினுதான் பூசைக்குப் போறாரு."

பக்கத்துக் கடைக்காரியும் சிரித்தாள். நானும். எப்போதும் இந்தப் பேச்சுக்கு எனக்குக் கொஞ்சம் பெருமை வரும். மார்மன்கள் நாங்கள், டீ காபி தொடமாட்டோம், வேறு மாதிரி ஆட்கள் என்று. இன்று வரவில்லை.

கார்த்தியைப் பற்றி எழுதாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

காய்ச்சலில் போனபோது நாலு வயசு. நிவேதா கைக்குழந்தை. அதற்கப்புறம் அவருடைய குடி. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதே வாடை வந்து, சஸ்பெண்ட். அப்போதுதான் வெள்ளைச் சட்டை, டை கட்டிய இரண்டு ஊழியக்காரர்கள் மந்தைவெளி வீட்டுக் கதவைத் தட்டியது. உங்கள் மகன் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பான், அந்த உலகத்தில் நீங்களே வளர்ப்பீர்கள் என்றார்கள். அப்படி எங்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் அய்யர் விதி என்றார், டாக்டர் தட்டணுக்கள் என்றார்.

பிறகு ஆலயத்துக்குப் போய் முத்திரித்துக்கொண்டோம். கார்த்திக்குப் பதிலாக அந்த ஊர்ப் பையன் ஒருவன் மண்டி போட்டு, எங்கள் கைமேல் கை வைத்தான். யாரோ. தமிழ் தெரியாது. கை கதகதப்பாக இருந்தது. இவர் அந்தக் கையை விடவில்லை, அவர்கள்தான் மெல்ல எடுத்துவிட்டார்கள்.

புத்தகம் மனுஷன் எழுதியது என்றால் அந்த அறையில் என்ன நடந்தது?

நவம்பர் 2, ஞாயிறு

உபவாச ஞாயிறு. வெறும் வயிறு. அடையாறு சபை ஹாலில் கரண்ட் போய்ப் போய் வந்தது.

சாட்சி சொல்லும் நாள். விருப்பப்பட்டவர்கள் எழுந்து போய் மைக்கில் சொல்லலாம். இவர் எல்லா மாதமும் போவார். இன்றும். "நான் குடிகாரன். பிள்ளையப் பறிகொடுத்தவன். இந்தப் புத்தகத்தைத் தொறந்து படிச்ச அன்னிக்கு நிறுத்தினேன். இது தேவனுடைய வார்த்தைன்னு எனக்குத் தெரியும்." பின்னால் ஒரு பெரியம்மா மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கியது, அதுதான் குழப்பம். பொய் என்று தோன்றினால் கண் ஏன் கலங்கணும்.

நான் எழுந்து போகவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கி.த. கவனித்தார்.

பெண்கள் வகுப்பு. நான்தான் ஆசிரியை. கூவக்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கத்துக்குக் குடிமாற்றப்பட்ட செல்வி, ஞானஸ்நானம் எடுத்து நாலு மாசம்கூட ஆகாத பெண், இரண்டு பஸ் மாறி வருகிறாள். கையைத் தூக்கினாள்.

"அக்கா, இந்த அதிகாரம் பைபிள்ல கீற மாரியே கீதே. இது வேற, அது வேற இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டும் ஒரே தேவன் பேசினது செல்வி. அதான் ஒரே மாதிரி இருக்கு."

"ஆங்," என்று தலையாட்டி, பேனாவால் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கையோடு.

வீட்டுக்கு வந்து உபவாசம் முடித்தும் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தால் அது என் பாடு. அவள் ஓரத்தில் எழுதிக்கொண்டது?

நவம்பர் 4, செவ்வாய்

லீவு போட்டேன். தலைவலி என்று. காலையில் அவரோடு லஸ் பூங்காவில் நடை. பெஞ்சு ஈரம். துண்டை விரித்து உட்காரச் சொன்னார்.

"என்ன மாலா? ஒரு வாரமா ஜெபம் முடிஞ்சு ஆமென் சொல்ல வாயத் தொறக்க மாட்டேங்கிற. டாக்டர்கிட்ட போலாமா?"

சொல்லிவிட்டேன். சாய்வெழுத்து, தொப்பி, எல்லாம். குதிரையைக்கூட. சொல்லி முடிப்பதற்குள் நடைபோடுகிறவர்கள் மூன்றாம் சுற்று வந்துவிட்டார்கள்.

பிறகு, "அவன் அங்க இருக்கானா இல்லியா? அத மட்டும் சொல்லு."

"தெரியலங்க."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியல. இருக்கணும்னு எனக்கு உங்களவிட ஆசை."

கோபம் வந்தால் மட்டும் பழைய கண்டக்டர் பாஷை வந்துவிடும். "இன்னா பேசற நீ? சாய்ஞ்ச எழுத்தாம், நேர் எழுத்தாம். அது பொன்னா பித்தளையான்னு எனக்கு இன்னாத்துக்கு? நான் குடிக்கல. அது பொய்யா?"

"அது பொய்யில்ல. நீங்க விட்டது நிஜம். ஆனா அது வேற விஷயம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." எழுந்துவிட்டார். துண்டை எடுக்க நான் எழுந்திருக்கணுமே, அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கெழம ஒரே வார்த்த. ஆமான்னு சொல்லு. பொண்ணு கல்யாணம்."

முன்னால் நடந்து போய்விட்டார்.

நவம்பர் 5, புதன்

நான் வேலைக்குப் போனேன். தாய்ப்பத்திரம் ஒன்று, நாலு பக்கம். ஒரு வரியை மூன்று தடவை அடித்தேன்.

திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. எப்போதும் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பார், கஞ்சி குடிப்பார். போன் அடுப்படி மேடையிலேயே. எடுத்துப்போகவில்லை.

அப்புறம் எனக்குக் கால் நிற்கவில்லை. செருப்பு மாற்றாமல், ஆபீஸ் பையோடு, மார்க்கெட் பக்கம். ஒயின் ஷாப் வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அங்கே நிற்கிறேன். "இன்னாமா, யாரத் தேடற?" என்று ஒருத்தன். அதே வாடை. நான்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டேன், என் வாயால், இவ்வளவு காலம் கழித்து, ஒரு சொல்லை வைத்துக்கொண்டு. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது மனசுக்குள்.

அங்கே இல்லை. மைலாப்பூர் டாங்க் வரை நடந்தேன். இல்லை. திரும்பி மந்தைவெளி டிப்போ வாசலில், டீக்கடை பெஞ்சில். பழைய டிரைவர் ஒருத்தரோடு. கையில் டம்ளர்.

காபி.

என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. டிரைவர் நல்லவர், "வரேன் ஜெயா" என்று இவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"அங்கதான் போனேன் மாலா. வாசல் வரைக்கும். காசு கூட எடுத்துட்டேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முடியல. திரும்பி வந்தேன். ஏதாவது ஒண்ணு தப்பு பண்ணியே ஆகணும்போல இருந்துச்சு. அதான் இது."

எனக்குச் சிரிப்பு வந்து, அழுகையாக மாறி, பஸ்காரர்கள் பார்த்தார்கள்.

"நல்லா இருந்துச்சா?"

"சூடா இருந்துச்சு."

பாதி மிச்சம் வைத்திருந்தார். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

நடந்து வரும்போது, "வாசல்ல நிக்கறப்ப தேவன் ஞாபகம் வந்துச்சுன்னு நெனச்சியா? வரல. நீ ஹால்ல தனியா உக்காந்திருப்பியேன்னுதான்."

நவம்பர் 8, சனி

கனமழை. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். நிவேதா பெங்களூரிலிருந்து ரயிலில், தலை நனைந்து வந்தாள். பஜ்ஜி போட்டேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று. அவர் சமையலறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினார், இப்போது வேண்டாம் என்று. ஆனால் இன்று விட்டால் நாளை அவளுக்கு வேறு யாரோ சொல்வார்கள்.

சொன்னேன். சுருக்கமாக. அவளுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கிறது! "அம்மா, இதெல்லாம் நெட்ல எப்பவோ படிச்சேன். எல்லாத்துக்கும் பதில் இருக்கு. இல்லாததுக்கு ஒரு நாள் வரும். எனக்கு அது பிரச்சினை இல்ல."

"எனக்கு இருக்குடி."

"ரெண்டு மாசம் பொறுக்க முடியாதா உன்னால? கல்யாணம் முடியட்டும். அப்புறம் என்ன வேணா சந்தேகப்படு."

"சீட்டு வாங்க அவர்கிட்ட ஆமான்னு சொல்லணும் நிவே. பொய் சொல்லிட்டு உன் பக்கத்துல வந்து உக்காரட்டுமா?"

"நீ வெளிய உக்காந்தா நான் உள்ள எப்படிம்மா இருப்பேன்?" கத்தினாள். பிறகு சின்னக் குரலில், "அண்ணனுக்காகவாவது..."

முடிக்கவில்லை. அண்ணனை அவளுக்குத் தெரியாது. போட்டோவில்தான்.

ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளையோடு போனில் பேசுவது கேட்டது. "எங்கம்மா எப்பவும் இப்படித்தான், ஒரு வார்த்தைல தொங்குவாங்க." தட்டில் பஜ்ஜி ஆறி, எண்ணெய் உறைந்தது.

ஆமாம் சொன்னால் என்ன. ஒரு வார்த்தை. கோர்ட்டில் எத்தனை பேர் சொல்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டு விட்டு. மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் அடையாறு.

சபை முடிந்து கி.த. ரூம். சின்ன ரூம், ஹார்மோனியம், அடுக்கிய நாற்காலிகள். ஒவ்வொரு கேள்வியாக. நேர்மையாக நடக்கிறாயா, ஆமாம். டீ காபி? புதன்கிழமை அரை டம்ளர் காபி என்றேன். புருவம் உயர்ந்தது, எழுதவில்லை.

பிறகு அந்தக் கேள்வி.

நேற்று இரண்டு பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இரண்டும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிற சத்தம்.

"எனக்குத் தெரியல பிரதர்."

பேனாவை வைத்தார். கோபம் இல்லை. அதுதான் கஷ்டம். "சிஸ்டர், தெரியணும்னு அவசியம் இல்ல. நம்பணும்னு ஆசை இருக்கா? அது இருந்தாலே நான் கையெழுத்துப் போடுவேன்."

எனக்காக ஒரு வழியைத் திறந்துவிட்டார். நுழைந்திருக்கலாம். மனசு தாவியது, ஒளிக்கமாட்டேன்.

"ஆசை இருக்கு. ஆனா அது என் பிள்ளைக்காக. அவன் இருக்கணும்னு ஆசை. அந்தப் புத்தகம் தேவன்கிட்டேருந்து வந்துச்சான்னு கேட்டா, எனக்கு அது மனுஷன் எழுதின மாதிரிதான் படுது. ரெண்டையும் கலந்து உங்ககிட்ட சொன்னா ஏமாத்தினதாகும்."

பிறகு, வகுப்பு எடுப்பதை இப்போதைக்கு வேறு யாரிடமாவது கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். சீட்டில் கையெழுத்து இல்லை. எழுந்திருக்கும்போது, அவருக்கே கண் சிவந்திருந்தது, "எனக்கும் சில நாள்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வெளியே செல்வி. அவளிடம் போனேன். "போன வாரம் நீ கேட்டதுக்கு நான் சரியா பதில் சொல்லல. அது நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. நீயே ரெண்டையும் வெச்சுப் படிச்சுப் பாரு."

விழித்தாள். "அப்ப எழுதினத அடிச்சிடட்டாக்கா?"

"அது உன் இஷ்டம்."

அடுத்து என் வீட்டுக்காரர் கி.த. ரூமுக்குப் போய்ச் சீக்கிரம் வந்துவிட்டார். கையெழுத்து ஆயிற்று. காபியைச் சொன்னாராம், கி.த. சிரித்தாராம். நிவேதாவோடு அவர் ஆலயத்துக்குள் போவார். நான் வெளியே. ஆட்டோவில் நிவேதா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தாள், என்னோடு உட்காராமல்.

இறங்கும்போது மட்டும் இவர் என் பையை வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 10, திங்கள்

வெயில் எட்டிப்பார்க்கிறது. நிவேதா காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். போய்ட்டு வரேன் என்று சொன்னாள், அவ்வளவு. டிபன் டப்பாவை எடுத்துப்போனாள். அது நல்லதுதான்.

ஆபீசில் இருக்கும்போது அவள் மெசேஜ். "அத்தைகிட்ட சொன்னேன். உன்கூட பேசணுமாம்." பயந்தேன். கல்யாணத்தை நிறுத்தப்போகிறார்களோ என்று. தாழ்வாரத்துக்குப் போய்க் கூப்பிட்டேன், முதல் தடவை தப்பு நம்பர்.

மாப்பிள்ளையின் அம்மா. கோயம்புத்தூர். நிச்சயத்தன்று ஒரே ஒரு தடவை பார்த்தது, பட்டுப்புடவை, நெற்றி நிறையத் திருநீறு. மாப்பிள்ளை மட்டும்தான் சபைக்காரர், அந்த அம்மா இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவரும் பெற்ற மகனின் கல்யாணத்துக்கு வெளியேதான் உட்காரப்போகிறார் என்பது இத்தனை நாளில் ஒரு தடவைகூட என் புத்தியில் படவில்லை.

"சம்பந்திம்மா, நீங்களும் வெளியதானாமுங்க? புள்ள சொல்லுச்சு. நீங்க வருத்தத்துல இருப்பீங்க, நான் இப்படிச் சொல்லக்கூடாது. ஆனா எனக்கு உசுரே வந்துச்சுங்க. தெரியாத ஊர்ல, பாஷை தெரியாம, ஒத்தைல உக்காந்து என்ன பண்றதுன்னு ரெண்டு மாசமா தூக்கமில்லைங்க."

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மன்னிச்சிக்கோங்க என்று சொன்னேன் போல. எதுக்குங்க என்று கேட்டார்.

பிறகு, அங்கே குளிருமா, ஸ்வெட்டர் எடுத்துவரணுமா, தயிர் கிடைக்குமா என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.